பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

2023 மார்ச் 29-ஆம் தேதி மத்திய நிலக்கரி அமைச்சகம் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கப் பகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. அவற்றில் மூன்று தமிழ்நாட்டில் இருந்தன: தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி, கடலூர் மாவட்டத்து சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி. மூன்றுமே பழுப்பு நிலக்கரிப் பகுதிகள். ஏப்ரல் 4-இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் எதிர்ப்பில் ஒன்றாக நின்றன. மாநில பாஜக தலைவராக இருந்த அண்ணாமலையும் டெல்லிக்கு எழுதினார். ஏப்ரல் 8-இல் நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி, மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக அறிவித்துவிட்டார். பத்தே நாளில் வந்ததும் போனதும் முடிந்தது. இடையில் புதிய ஆய்வறிக்கை எதுவும் வெளிவரவில்லை. பூமிக்கடியில் நிலக்கரி இருந்த இடத்தில்தான் இருந்தது, மேலே வயலும் அப்படியே. மாறியது அரசியல் கணக்கு மட்டும்.

இதைப் படித்துவிட்டு, அரசியல்வாதிகள் விஞ்ஞானத்தை மதிப்பதில்லை என்று அலுத்துக்கொள்வது சுலபம். ஆனால் காவிரி டெல்டாவின் கடந்த முப்பதாண்டு வரலாறு சொல்வது வேறு. ஒரு திட்டத்தின் லாபம் வெளியே போய், நட்டம் மட்டும் உள்ளூரில் தங்குமானால், மாநில அரசு துணிந்து தடை போடுகிறது. லாபம் மாநிலத்தின் கையிலேயே சேருமானால், அதே அரசு அதே மண்ணில் கண்ணை மூடிக்கொள்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நடந்திருக்கிறது. டெல்டாவுக்குக் கிடைத்த பாதுகாப்பு, கிடைக்காத பாதுகாப்பு இரண்டையும் விளக்க இந்த ஒரு கணக்கு பெரும்பாலும் போதும்.

முதலில் அதிகாரம் யார் கையில் என்று பார்த்துவிடலாம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எண்ணெய் வயல்களும் கனிமவள ஒழுங்குமுறையும் மத்தியப் பட்டியலில். 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமோ, 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டைக் காரணம் காட்டி நாடாளுமன்றம் இயற்றியது. ஆக, வயலின் மேற்பரப்பு சென்னைக்கு, அடியில் கிடப்பது டெல்லிக்கு என்ற விசித்திரமான பங்கீடு. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. தரைப்பகுதியில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனத்தை டெல்லி தேர்ந்தெடுத்தாலும், பெட்ரோலிய விதிகளின்படி மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தில் உரிமமும் குத்தகையும் கொடுக்க வேண்டியது மாநில அரசு. அதற்கான உரிமத்தொகையும் மாநிலத்துக்கே வருகிறது. எனவே, "எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்று ஒரு முதலமைச்சர் சொன்னால், அது முழு உண்மை இல்லை.

மீத்தேன் விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் அன்றைய திமுக அரசு அந்த நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2012-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. இந்த வாயு நிலக்கரியின் நுண்துளைகளில் நீரின் அழுத்தத்தால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. அதை வெளியே கொண்டுவர முதலில் அந்தப் படுகையின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் இறைத்தால் போதாது, வாயு வரும் காலமெல்லாம் இறைக்க வேண்டும். இறைத்த உப்பு நீரை எங்காவது விட்டாகவும் வேண்டும். கடலுக்குப் பக்கத்தில், மேட்டூர் திறக்காத மாதங்களில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை நடும் ஊரில் இதற்கு என்ன பொருள் என்பது விவசாயிகளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. நன்னீர் இறங்கினால் கடல்நீர் ஏறும். இயற்கை வேளாண் ஆர்வலர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைத்தான் பேசினார். அந்தப் பிரசாரப் பயணத்தில் இருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30-இல், பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலையில், ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்திருந்தது. அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து 2015 அக்டோபரில் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று அரசாணை வந்தது. கையெழுத்திட்ட திமுக அதற்குள் எதிர்ப்பாளர்கள் வரிசைக்கு வந்திருந்தது.

இந்த நிகழ்வுகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வழங்கிய நிபுணர்கள் நீரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தெருவில் கூட்டம் சேர்ந்த பிறகுதான் இன்னொரு நிபுணர் குழுவின் முன்னால் வைக்கப்பட்டது. "சுற்றுச்சூழலை அரசியலிலிருந்து பிரித்து நிபுணர்களிடம் விட்டுவிட வேண்டும்" என்று நகரத்துப் படித்தவர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. மன்னார்குடியில் அதைத்தான் முதலில் செய்தார்கள். கிடைத்தது அனுமதி. 2025-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு அனுமதி கொடுத்ததும் ஒரு நிபுணர் அமைப்புதான்: மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பிறகு மாநில அரசு தலையிட்டு அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. நிபுணர் தனக்கு முன்னால் வைத்த கேள்விக்குத்தான் பதில் சொல்வார். கேள்வியை வைப்பது அரசியல்.

கேள்வியே கேட்கக் கூடாது என்று ஏற்பாடு செய்வதும் அரசியல்தான். 2016-இல் வந்த புதிய ஹைட்ரோகார்பன் கொள்கை, எல்லா வகை எண்ணெய், வாயுவுக்கும் ஒரே உரிமம் என்றது. மீத்தேனைத் தனியாக எதிர்த்தவர்களுக்கு இனி எதை எதிர்ப்பது என்றே தெரியாத நிலை. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 30-இல் கும்பகோணம் பக்கம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசியின் குழாய் கசிந்தது. கேள்வி கேட்ட ஊர்க்காரர்கள் மீது தடியடி நடந்தது, கைதுகள் நடந்தன. அப்போது முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. பிறகு 2020 ஜனவரி 16-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றியது. அதன் விளைவாக, ஆய்வுக் கிணற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. கல்யாண மண்டபத்தில் ஆட்சியர் மேடையில் உட்கார, விவசாயி மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கும் அந்த ஒரு நாளும் போயிற்று. ஆய்வுக் கட்டத்தில் பெரிய பாதிப்பு இல்லை என்பது அமைச்சகத்தின் வாதம். பணத்தைக் கொட்டி ஆய்ந்து முடித்த பின் எந்த நிறுவனமும் வாயுவைப் பூமிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகாது என்பது ஊர்க்காரர்களின் பதில். இரண்டாவதில்தான் உலக அனுபவம் இருக்கிறது.

அந்தத் திருத்தம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 9-இல் சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த அரசு விழாவில், டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று பழனிசாமி அறிவித்தார். பிப்ரவரி 20-இல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. பதினோரு நாளில் ஒரு சட்டம். தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திமுக கேட்டது, நடக்கவில்லை. கதிராமங்கலத்துக்குப் போலீஸை அனுப்பிய அதே அரசு மூன்றாண்டுக்குள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு 2019 மக்களவைத் தேர்தல் தோல்வியும், 2021 சட்டமன்றத் தேர்தல் நெருங்கியதும் காரணம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. 2021-இல் தஞ்சாவூர் மாவட்டத்தின் 8 தொகுதிகளில் ஒரத்தநாடு ஒன்றைத்தான் அதிமுக பிடித்தது. ஆனால் ஓட்டுக்காக வந்த சட்டம் ஓட்டு கிடைக்காததால் போய்விடவில்லை. அடுத்து வந்த ஆட்சி அதை வைத்துக்கொண்டது, வடசேரிக்காகப் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்காட்டியது. நோக்கம் என்னவாக இருந்தாலும், எழுத்தில் ஏறிய சட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவரின் தேவையைத் தாண்டிய ஆயுள் உண்டு. "எல்லாம் தேர்தல் நாடகம்" என்று ஒதுக்கித்தள்ளுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தை எடுத்துப் படித்தால் இன்னொன்றும் தெரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் மண்டலத்தில் வந்தன. திருச்சி, கரூர், அரியலூர் வரவில்லை, காவிரியும் கொள்ளிடமும் அந்த வழியாகத்தான் வருகின்றன என்றாலும். இரண்டாவது அட்டவணை தடை செய்யும் தொழில்களைச் சொல்கிறது: துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், இரும்புத் தொழிற்சாலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைத்தல், எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு இவற்றுக்கான ஆய்வும் எடுப்பும். நிலக்கரிச் சுரங்கம் என்று தனி வரி அதில் இல்லை. வடசேரியைச் சுரங்கத்திலிருந்து காப்பாற்றியதில் இந்தச் சட்டத்தின் எழுத்தைவிட அதன் பெயருக்கும் அரசியல் எடைக்கும் பங்கு அதிகம். மைக்கேல்பட்டி மண்டலத்துக்கு வெளியே இருந்தும் தப்பியதே அதற்கு அத்தாட்சி. அடுத்து நான்காவது பிரிவின் விதிவிலக்கு: சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை இது பாதிக்காது. அதாவது கதிராமங்கலம், குத்தாலம், கோவில்களப்பால், நரிமணம் ஆகிய ஊர்களின் எண்ணெய், எரிவாயுப் பணிகள் அப்படியே தொடரலாம். துறைமுகம், குழாய்ப் பாதை, சாலை, மின்சாரம் போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கும் தடை இல்லை. புதிதாக வரவிருந்தவருக்கு வாசல் அடைக்கப்பட்டது. உள்ளே இருப்பவரிடம் ஒரு கேள்வியும் இல்லை.

இதுவரை சொன்னது மாநிலம் தடுத்த கதை. தடுக்காத கதைக்கு அதே 2023-ஐயே எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வடசேரிக்காகச் சட்டமன்றம் கொதித்தது. ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெய்வேலி என்எல்சி நிறுவனத்தின் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட, நின்றிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. போலீஸ் பாதுகாப்பு கொடுத்தது மாநில அரசு. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்று நிறுவனம் சொன்னது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் வடசேரி நெல்லுக்கும் வளையமாதேவி நெல்லுக்கும் வேற்றுமை சட்டத்தேதியில் மட்டும் இல்லை. நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வருகிறது.

மணலில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 2003-இல் ஆற்றுமணல் எடுப்பதைத் தனியாரிடமிருந்து பறித்து அரசே நடத்தத் தொடங்கியது. கேட்க நல்ல முடிவாகத்தான் இருந்தது. ஆனால் மணலை எடுத்து விற்பவரும், எவ்வளவு எடுக்கலாம் என்று கண்காணிப்பவரும் ஒரே அரசு என்றானது. ஆற்றின் அடித்தளத்தில் மணல் இருந்தால்தான் ஓடும் நீர் கசிந்து ஊற்றாகி, இரு கரை ஊர்களின் கிணறுகளுக்குப் போகும். மணல் போனால் ஆறு வாய்க்காலைவிடத் தாழ்ந்து, தலைப்பு மதகில் தண்ணீர் ஏறாது. கடலோரத்தில் உப்புநீர் ஆற்றின் வழியே உள்ளே வரும். மீத்தேனை எதிர்த்தபோது விவசாயிகள் பயந்தது எதற்கோ, அதே இரண்டும் இங்கே வேறு வழியில் வருகின்றன. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது உடைந்து வெள்ளத்தோடு போயின. அணையின் வயதே காரணம் என்று ஒரு சாரார், அளவுக்கு மீறிய மணல் எடுப்பும் சேர்ந்தது என்று இன்னொரு சாரார் வாதிட்டார்கள். 2023-இல் அமலாக்கத் துறை மணல் வழக்கில் தஞ்சாவூர் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் அனுப்பியபோது, மாநில அரசே உயர் நீதிமன்றம் போனது. கூட்டாட்சி உரிமை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், மத்திய முகமைகள் அரசியல் கருவியாவதும் உண்மை. ஆனாலும் மீத்தேனுக்கு ஒரு நிபுணர் குழு, ஓர் அரசாணை, ஒரு சட்டம் என்று வந்த சுறுசுறுப்பில் கால்பங்கு மணலுக்கு வந்திருந்தால், அந்தச் சம்மனுக்கே வேலை இருந்திருக்காது.

டெல்லியும் இதே கணக்கில்தான் நடக்கும் என்பதற்கு நாகப்பட்டினம் கடற்கரையின் இறால் பண்ணைகள் சாட்சி. தொண்ணூறுகளில் நெல்வயல்கள் உப்புநீர்க் குட்டைகளாக மாறியபோது, சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகளை இடிக்க வேண்டும், வேளாண் நிலத்தைப் பண்ணையாக்கக் கூடாது. இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இவ்வளவு தெளிவான வெற்றி அபூர்வம். ஆனால் இறால் அந்நியச் செலாவணி. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, 1991-இன் கடலோர அறிவிக்கையையே அது பிறந்த நாள் முதல் திருத்தி, இறால் வளர்ப்புக்கு அது பொருந்தாது என்று ஆக்கியது. நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் அடித்தளத்தை நாடாளுமன்றம் உருவியது. நல்ல தீர்ப்பு கிடைத்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்பது ஆண்டுகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பணம் யாருக்கு என்பதுதான் அரசின் பார்வையைத் தீர்மானிக்கிறது என்றால், அது நம் ஊரின் தனிக் குறை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. நெதர்லாந்தும் டெல்டா நாடுதான். அங்கே க்ரோனிங்கனில் 1959-இல் கண்டுபிடித்த எரிவாயு அரசுக் கருவூலத்தைப் பல பத்தாண்டுகள் நிரப்பியது. வாயு எடுக்க எடுக்கப் பூமி அதிர்ந்தது, 2012-இல் 3.6 அளவு நிலநடுக்கம் வந்து வீடுகள் விரிசல் விட்டன. உற்பத்தி நிற்க 2023 அக்டோபர் ஆயிற்று. க்ரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணைக் குழுவே அதே ஆண்டில் சொன்னது. வலுவான சட்டம், படித்த மக்கள், நேர்மையான அதிகாரிகள் எல்லாம் இருந்தும், வருமானம் வாங்கும் கையே கடிவாளத்தையும் பிடித்திருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. எல்லா ஊரும் "எங்கள் வயலில் வேண்டாம்" என்றால் அடுப்பு எப்படி எரியும்? நியாயமான கேள்வி. ஆனால் நெல்லும் எரிபொருளைப் போலவே தேசத்தின் தேவைதான், எண்ணெய்க்கு மாற்று தேட வழி உண்டு, வண்டல் மண்ணுக்கு இல்லை. தேச நலனுக்கு டெல்டா விலை கொடுக்க வேண்டும் என்றால், விலையைச் சொல்லி, கூட்டம் போட்டுக் கேட்கலாம். 2020 ஜனவரியில் நீக்கியது அந்தக் கூட்டத்தைத்தான்.

இன்னொரு மறுப்பு டெல்டாக்காரர்களையே குத்தும், ஆகவே தவிர்க்கக் கூடாது. நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது. மீத்தேனை எதிர்த்த மண் மீத்தேனை உண்டாக்குகிறது என்று கேலி பேசுவோர் உண்டு. அளவிலும் விளைவிலும் இரண்டும் ஒன்றில்லை, நிலத்தடி நீரை நெல்வயல் உறிஞ்சி எறிவதில்லை. ஆனாலும் வயல் முழுக்க எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீரும் மிஞ்சும், வாயுவும் குறையும். டெல்டாவில் இது தெரியாத விவசாயி இல்லை. முறை வைத்து வரும் வாய்க்கால் தண்ணீர் அடுத்த முறை வருமா என்று தெரியாதபோது, வந்ததைத் தேக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். 1990-லிருந்து பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், நேரடிக் கொள்முதல் நிலையம் எடுப்பது நெல்லை. உளுந்தும் பயறும் நிலத்துக்கு நல்லது என்று அதிகாரி சொல்லலாம், மூட்டையை யார் வாங்குவது? இதுவும் சுற்றுச்சூழல் கொள்கைதான். அந்தப் பெயரில் யாரும் அதை அழைப்பதில்லை, அவ்வளவே. இலவச மின்சாரத்தைப் பறிக்கச் சொல்லவில்லை, அதைப் பறித்தால் முதலில் சாவது சிறு விவசாயி. முறைத் தண்ணீரை நம்பும்படி கொடுப்பதும், நெல் அல்லாததற்கும் கொள்முதல் உறுதி கொடுப்பதும் அரசால் முடிந்த காரியங்கள்.

காவிரித் தீர்ப்பிலேயே ஆற்றுக்கென்று ஒரு பங்கு உண்டு. நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டிஎம்சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14-இல் 10 டிஎம்சி சுற்றுச்சூழலுக்கு, 4 தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டிஎம்சி குறைத்தபோது எழுந்த கூக்குரல் நியாயமானது. அந்த 10 டிஎம்சி ஆற்றில் ஓடுகிறதா என்று எந்தக் கட்சியும் கேட்டு மறியல் செய்ததில்லை. கடலுக்குப் போகும் தண்ணீரை வீண் என்றே மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம்.

தஞ்சைப் பக்கத்து வாக்காளருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஒரு வேட்பாளர் வந்து டெல்டாவைக் காப்பேன் என்று சொன்னால், வடசேரியைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. நான்காவது பிரிவின் விதிவிலக்கை நீக்குவாரா, கரூரையும் திருச்சியையும் மண்டலத்தில் சேர்ப்பாரா, கொள்ளிடத்தில் எடுத்த மணலின் அளவை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டுவாரா என்று கேளுங்கள். கிராம சபையிலும் இதே கேள்விகளைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.